நாய் கவ்விய ஓணான்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த சில வாரங்களும்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். காலை ஏழரை மணிக்கு உங்கள் சிப்பிப்பாறை நாய் தோட்டத்தில் ஓர் ஓணானைக் கவ்வியிருக்கிறது. அதட்டியதும் கீழே போட்டுவிட்டது. ஓணான் உயிரோடு இருக்கிறது. விலாவில் இரண்டு சின்ன ஓட்டை, வலது பின்னங்கால் இழுபடுகிறது, வாயை லேசாகத் திறந்து வைத்திருக்கிறது. இப்போது அது ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இருக்கிறது. அம்மா மஞ்சள் வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறார். தண்ணீர் ஊற்றலாமா, டெட்டால் போடலாமா, பிழைக்குமா என்று கேட்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவன். ஆடு மாடு, நாய் பூனைதான் என் அன்றாட வேலை. ஆனால் கடந்த பல ஆண்டுகளாக அடிபட்ட ஓணான், அரணை, பாம்பு என்று ஊர்க்காரர்கள் கொண்டுவருவதையும் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. வேலியில் போட்டுவிடாதீர்கள்.

முதல் வேலை, அதை வாளியிலிருந்து எடுப்பது. வாளியின் சுவர் வழுக்கும். அடிபட்ட காலோடு ஏறப் பார்த்துப் பார்த்து விழும். மேலே திறந்திருப்பதால் நீங்கள் எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதற்கு இன்னொரு நாய் வந்த மாதிரிதான். ஒரு செருப்பு அட்டைப்பெட்டி போதும். ஓணானை உள்ளே விடுவதற்கு முன்பே பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் செய்தித்தாள் அல்லது துவைத்த பருத்தித் துணி விரியுங்கள். மண், மரத்தூள், வைக்கோல் எதுவும் வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கொள்ளும். மூடியை மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில், நாய் நுழைய முடியாதபடி வையுங்கள். இப்போதைக்கு இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

எடுக்கும்போது ஒரு துண்டை அதன்மேல் மெதுவாகப் போட்டு, துண்டோடு சேர்த்து உடலின் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. விலாவை அழுத்தவும் கூடாது. நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இருக்கிறது, ஓணானுக்குக் கிடையாது. விலா எலும்புகளை விரித்துச் சுருக்கித்தான் அது மூச்சு விடுகிறது. இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும்போது இன்னும் கவனமாக, அள்ளுகிற மாதிரி எடுக்க வேண்டும்.

கடிக்குமா என்று பயமாக இருக்கும். வாயைத் திறந்து மிரட்டும், விரல் கிடைத்தால் கவ்வும், வலிக்கும், அவ்வளவுதான். விஷம் கிடையாது. கழுத்துச் சிவக்க நின்று தலையை ஆட்டும் ஓணான் தூரத்திலிருந்தே நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அது ஆண் ஓணான் இனப்பெருக்க காலத்தில் காட்டும் நிறம். தாகமெடுத்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாகவும் ஓணான் சிறுநீரைக் கொடுத்ததாகவும் ஒரு கதை சொல்லி, அதையே காரணமாக வைத்துக் கல்லெறிந்து கொன்ற தலைமுறை எங்களுடையது. நானும் எறிந்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளுக்கு மட்டுமே வரும், ஊர்வனவற்றிலிருந்து பரவாது. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தக் கவலையே வேண்டாம். ஆனால் ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி நோய் காட்டாமலே இருக்கும். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமையல் மேடையில் பெட்டியை வைக்காதீர்கள்.

அடுத்தது சூடு. ஓணானின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. வெளியே இருக்கிற சூடுதான் அதன் உடம்புச் சூடு. குளிர்ந்து கிடந்தால் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும், கொடுத்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. உங்கள் ஊர்ப் பகல் வெயிலில் அறைக்குள்ளேயே முப்பது டிகிரி இருக்கும், அது போதும். மழை நாளாக இருந்தால், அல்லது இரவில், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். பெட்டியை நேர் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெயில் காயட்டும் என்று நல்லெண்ணத்தோடு மொட்டைமாடியில் வைத்து, அரை மணி நேரத்தில் வெந்து செத்த ஓணானை ஒரு பையன் அழுதுகொண்டே கொண்டுவந்தான்.

எறும்பை மறக்காதீர்கள். நம் ஊரில் அடிபட்ட சிற்றுயிர்களைக் கொல்வது பாதி நேரம் எறும்புதான். இரத்த வாடைக்கு ஒரு மணி நேரத்தில் வரிசை கட்டிவிடும். ஒரு ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்து அதன்மேல் பெட்டியை வையுங்கள். எறும்புச் சாக்பீஸால் கோடு போடக் கூடாது. அது பூச்சிமருந்து, ஓணானையும் பாதிக்கும்.

இனி மஞ்சளும் டெட்டாலும். அம்மா சொல்வது அன்பினால்தான், ஆனால் வேண்டாம். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் சின்ன ஓட்டையை மேலே அடைத்துவிடும், உள்ளே கிருமி சுகமாக வளரும். டெட்டாலும் ஸ்பிரிட்டும் காயத்தின் சதையை எரிக்கும். முப்பது நாற்பது கிராம் உடம்புக்குள் அவை கொஞ்சம் இறங்கினாலே ஆபத்து. மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில்தான் நல்லது. அது இல்லாவிட்டால் அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலந்துகொள்ளுங்கள். அதில் நனைத்த சுத்தமான துணியால் காயத்தைச் சுற்றி உள்ள மண்ணையும் நாயின் எச்சிலையும் ஒற்றி எடுங்கள். அயோடின் கரைசல் இருந்தால் அதை நீரில் கலந்து, பாலில்லாத இளந்தேநீர் நிறத்துக்கு வந்ததும் ஒரு தடவை ஒற்றலாம். காலிலோ வாலிலோ காயம் என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவலாம். உங்களுடையது விலாவில் இருப்பதால் பீய்ச்சக் கூடாது. ஓட்டை நெஞ்சுவரை போயிருந்தால் நீர் நேராக உள்ளே இறங்கிவிடும். இரத்தம் கசிந்தால் ஐந்து நிமிடம் விரலால் துணியை வைத்து மென்மையாக அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

மனிதருக்குள்ள மாத்திரை எதையும் பொடித்துக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் மாத்திரையில் கால்வாசி என்று நினைப்பது கூட அதன் எடைக்குப் பல மடங்கு.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு சின்ன ஓட்டைக்கு வருகிறேன். எனக்கு இழுபடுகிற பின்னங்காலைவிட அதுதான் கவலை. உங்கள் நாய் பதினைந்து இருபது கிலோ இருக்கும். ஓணானைப்போல் ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. அதன் கோரைப்பல் உள்ளே இறங்கி வெளியே வந்ததும் ஓணானின் இழுவைத் தோல் மூடிக்கொள்ளும். வெளியே குண்டூசி குத்திய மாதிரித் தெரியும், உள்ளே சதை நசுங்கியிருக்கும். கவ்வியதும் உதறியிருந்தால் இன்னும் மோசம். நசுங்கிய சதைக்கு இரத்த ஓட்டம் இல்லை. அங்கே நாயின் வாயிலிருந்து பாஸ்சரெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ், காற்றில்லாத இடத்தில் வளரும் வேறு கிருமிகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நமக்கோ நாய்க்கோ இப்படி ஆனால் மறுநாளே வீங்கும், சுடும், சீழ் ஒழுகும். பார்த்ததும் தெரியும். ஓணானுக்கு அப்படி ஆகாது. அதன் உடம்பில் எல்லாமே மெதுவாக நடக்கும். சீழும் நீராக ஒழுகாது. நம் சீழை இளக்கும் நொதி அவற்றின் வெள்ளணுக்களில் இல்லாததால், பன்னீர்க்கட்டி மாதிரி கெட்டியாகத் திரண்டு நிற்கும். பிதுக்கினாலும் வராது, கீறித்தான் எடுக்க வேண்டும். அது தோலுக்கு வெளியே ஒரு புடைப்பாகத் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை ஓணான் தலையைத் தூக்கி உட்கார்ந்திருக்கும், ஓடும், பூச்சியைக்கூடப் பிடிக்கும்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுதி நாய் ஒன்று கவ்விய ஓணானை இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் துடிப்பாக இருந்தது. விடுதிச் சுவரை ஒட்டிய கள்ளிவேலியில் விட்டேன். மளமளவென்று ஏறிப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பது நாள் கழித்து அதே வேலியின் அடியில் கிடந்தது. விலாவில் சுண்டைக்காய் அளவு கட்டி. அறுத்துப் பார்த்தேன், உள்ளே முழுக்க மஞ்சள் கட்டிச் சீழ். நான் விட்ட அன்றே அது உள்ளே தொடங்கியிருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: நாய்ப்பல் தோலைத் துளைத்திருந்தால், ஓணான் எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும் அதற்கு மருத்துவர் கையால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வேண்டும். கூடுமானவரை இன்றைக்கே. பல் துளைக்காமல் எச்சில் மட்டும் பட்ட ஓணானை ஒரு நாள் பார்த்துவிட்டு விடலாம். உங்களுடையது அந்த வகை இல்லை.

கோவில்பட்டியில் முதலில் கேட்கிற இடத்தில் "ஓணானுக்கெல்லாம் வைத்தியமா" என்று சொல்லக்கூடும். மனம் தளராதீர்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அறுபது கிலோமீட்டருக்குள்தான். போவதற்கு முன் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, சென்னை வேப்பேரி என்று கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. அல்லது கிளி, ஆமை பார்க்கிற தனியார் மருத்துவரை விசாரியுங்கள். பறவைகளுக்கு மருந்து அளக்கப் பழகியவருக்கு ஓணான் புதிதாக இருக்காது.

கிளம்பும் முன் வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் பெட்டியோடு ஒரு தடவை, வெறும் பெட்டியாக ஒரு தடவை எடை போட்டுக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மளிகைத் தராசு இதற்கு ஆகாது. தெரிந்த நகைக்கடை இருந்தால் அங்கே கேட்கலாம். மருந்தின் அளவு முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான். ஊர்வனவற்றுக்கு மருத்துவர்கள் அதிகம் போடுவது செஃப்டாசிடைம் என்ற ஊசி. நாய்க்கு ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை போட வேண்டிய அந்த மருந்து ஓணான் உடம்பில் மூன்று நாள் நிற்கும், அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறுகிறது. அதனால் மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்று பல ஊசி ஆகும். ஒரே ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசியைப் பின்னங்காலில் போடாமல் முன்னங்கால் தசையில் போடுவது வழக்கம், ஏனென்றால் பின்பாதியின் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போய்த்தான் இதயத்துக்கு வரும். ஆடு மாடு மட்டும் பார்க்கிற மருத்துவராக இருந்தால் இதை நீங்கள் பணிவாக நினைவுபடுத்தலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வலிக்கு மருந்து உண்டு, கேளுங்கள். கத்தாத உயிருக்கும் வலிக்கிறது.

பிழைக்குமா என்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். வலது பின்னங்கால் மட்டும் இழுபடுவது நல்ல அறிகுறி. பெரும்பாலும் தொடையெலும்பு முறிவு அல்லது மூட்டு விலகலாக இருக்கும். இரண்டு பின்னங்காலும் வாலும் சேர்ந்து துவண்டு கிடந்தால் முதுகெலும்பு போயிருக்கிறது, நம்பிக்கை மிகக் குறைவு. கால் விரலை லேசாகக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதே என்று சிலர் ஆறுதலடைவார்கள். தண்டுவடம் அறுந்த பிறகும் அந்த அனிச்சை இழுப்பு இருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. ஓணான் தானாகக் காலை நகர்த்தப் பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. வாய் திறந்திருப்பது வலியாகவோ வெப்பமாகவோ மிரட்டலாகவோ இருக்கலாம். இருட்டில் ஒரு மணி நேரம் இருந்த பிறகும் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடினால் நுரையீரலில் அடி. விலாத்தோல் பலூன் மாதிரி உப்பி, தொட்டால் நறநறவென்று காற்று நகர்ந்தாலும் அதே பொருள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல், உப்புநீரில் நனைத்த துணியால் ஈரமாக மூடிக்கொண்டு ஓடுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். 1802-இல் தோதன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்குப் பெயர் வைத்தபோதே நிறம் மாறுவது என்ற பொருளில் வெர்சிகலர் என்றுதான் வைத்தார். பயத்திலும் குளிரிலும் வலியிலும் கருத்துப் போகும். சூடு ஏறி ஆசுவாசமானால் வெளிர் மண்ணிறத்துக்குத் திரும்பும். இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்த பிறகு மூடியை ஒரு விரற்கடை திறந்து பார்க்கும்போது நிறம் தெளிந்திருந்தால் அதிர்ச்சி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அசையாமல் கிடக்கிறதென்று உடனே புதைத்துவிடாதீர்கள். ஊர்வன மணிக்கணக்கில் செத்த மாதிரிக் கிடந்து எழும். மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நிமிடக்கணக்கு ஆகலாம். மிதமான சூட்டில் ஒரு இரவு முழுக்க வைத்திருங்கள். காலையில் உடம்பு விறைத்திருந்தால் முடிந்தது என்று தெரியும். பிழைக்கவே வழியில்லை, வதைபடுகிறது என்று மருத்துவர் சொன்னால் ஊசி போட்டு உறங்கவைக்கச் சொல்லுங்கள். சிலர் நல்லதென்று நினைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்கள். அது நோகாத சாவு இல்லை. தலையில் அடிப்பதையும் கையறியாதவர்கள் செய்ய வேண்டாம். ஊர்வன மூளை பிராணவாயு இல்லாமலும் நெடுநேரம் தாங்கும், நாம் நினைப்பதைவிட அதிக நேரம் அது உணர்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றலாமா என்றீர்கள். வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். பால் கூடவே கூடாது. ஓணானுக்குக் கிண்ணத்தில் குடித்துப் பழக்கமில்லை, இலையில் நிற்கும் துளியை நக்கித்தான் குடிக்கும். முதல் நாள் சாயந்தரம் ஒரு வேப்பங்கொத்தைப் பெட்டிக்குள் வைத்து அதில் நீர் தெளியுங்கள். அல்லது மூக்கு நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், வேண்டுமென்றால் தானே நக்கும். வற்றிப்போயிருந்தால், கண் குழிந்திருந்தால், மருத்துவர் தோலுக்கடியில் நீர் ஏற்றுவார்.

உணவுக்கு அவசரமே இல்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் நன்றாக இருந்த ஓணானுக்கு ஒன்றும் ஆகாது. சூடும் நீரும் சரியான பிறகு, மூன்றாம் நான்காம் நாள், உயிருள்ள சின்ன வெட்டுக்கிளி, சிள்வண்டு, கரப்பான் குஞ்சு விட்டுப் பாருங்கள். அசைவதைத்தான் பிடிக்கும். சோறு, பழம், முட்டை என்று திணிக்காதீர்கள். மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி வேண்டாம். சாப்பிடாமல் விட்ட பூச்சியை ராத்திரி பெட்டியில் விட்டுவைக்காதீர்கள், அது காயத்தைக் கடிக்கும். தினமும் காயத்தில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது ஈயின் முட்டை. முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற புழுமருந்தும் கற்பூர எண்ணெயும் இதற்கு நஞ்சு.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். நாய்க்கு ஆறு வாரத்தில் கூடும் எலும்பு ஓணானுக்குக் கூட இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். பின்னங்காலை வால் அடியோடு சேர்த்து மெல்லிய காகித டேப்பால் மருத்துவர் கட்டிவிடுவார். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம், இறுக்கிவிட்டால் கால் அழுகும். முதல் வாரத்துக்குப் பிறகு பெட்டியிலிருந்து உயரமான வலைக்கூண்டுக்கு மாற்றி, சாய்வாக ஒரு கிளை, காலையில் அரை மணி நேரம் இளவெயிலும் பாதி நிழலும் கொடுங்கள். பேசிக் கொஞ்சிப் பழக்காதீர்கள். உங்களைப் பார்த்து மிரளுகிற ஓணான்தான் வெளியே பிழைக்கும்.

ஒன்று கேட்க மறந்தீர்கள்: அது பெண்ணா? வயிறு பக்கவாட்டில் மேடு மேடாக இருந்தால் முட்டை இருக்கிறது. மழையை ஒட்டிய மாதங்களில் பெண் ஓணான் இளகிய மண்ணைத் தேடித் தரைக்கு இறங்கிக் குழி தோண்டும். நாய் பிடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான், வேலியில் இருக்கும்போது அதைப் பிடிப்பது கடினம். அப்படி இருந்தால் வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் ஒடிந்த ஓர் ஓணான் என்னிடம் ஐந்தாம் நாள் செய்தித்தாளிலேயே பதினொரு முட்டை இட்டது. கிடந்த நிலை மாறாமல் இருக்க ஒவ்வொன்றின் மேல்பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்தோம். கோழிமுட்டையைப் போல் இவற்றை உருட்டக் கூடாது, உள்ளே கரு செத்துவிடும். ஈர மண்ணில் நாலு விரல் ஆழத்தில் அதே நிலையில் வைத்து மூடினோம். ஏழாம் வாரம் ஆறு குஞ்சு வெளியே வந்தன.

விடுவதற்கு நேரம் வந்ததா என்பதை நாளைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. மருந்து முடிந்து இரண்டு வாரமாவது காயத்தில் புடைப்பு இல்லாமல் இருக்க வேண்டும். நாலு காலாலும் பிடித்துச் செங்குத்தான கிளையில் ஏற வேண்டும், ஓடுகிற பூச்சியைத் துரத்திப் பிடிக்க வேண்டும். ஓணானுக்கு வால் உடம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம், கிளையில் சமநிலை அதனால்தான். பல்லிக்கும் அரணைக்கும் வால் அறுந்தால் முளைக்கும், ஓணானுக்கு முளைக்காது. நுனி போனதென்றால் சமாளித்துக்கொள்ளும். பிடித்த இடத்திலேயே விடுங்கள், காடு பார்த்துக் கொண்டுபோய் விட வேண்டாம். அதற்குத் தெரிந்த கிளையும் பொந்தும் அங்கேதான். புது இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் ஆண் ஓணான் அதை விரட்டும். மழையில்லாத நாளில் காலை ஒன்பது பத்து மணிக்கு, வெயிலில் உடம்பு சூடேறிய பிறகு, தரையில் அல்ல, தோள் உயரக் கிளையில் விடுங்கள். அந்த நேரம் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் கரட்டாண்டி என்றும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒடக்கான் என்றும் சொல்வது எல்லாம் இதே ஓணான்தான். மேலே சொன்னது அரணைக்கும் பெரும்பாலும் பொருந்தும். அரணை கடித்தால் மரணம் என்பது பொய், அதற்கும் விஷம் கிடையாது. பளபளப்பான அதன் தோல் ஈரம் கொஞ்சம் கேட்கும், மறைந்துகொள்ள ஓட்டுத் துண்டு கேட்கும். ஆனால் நாய் கவ்வியது உடும்பாக இருந்தால் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. வாலால் அடிக்கும், கடித்தால் விடாது. நாயைக் கட்டிவிட்டு, தூரத்திலிருந்து ஒரு கூடையால் மூடி வனத்துறைக்குச் சொல்லுங்கள். மெதுவாக நடந்து கண்ணைத் தனித்தனியே சுழற்றும் உண்மையான பச்சோந்திக்கும் அதுவேதான் வழி.

நாயைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அடிக்காதீர்கள். சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கரிசல் காட்டில் வளர்க்கப்பட்ட நாய். கண்ணெதிரே ஒன்று ஓடினால் துரத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது. அதட்டியதும் கீழே போட்டதே, அதற்கு நீங்கள் அதைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குணத்தை வளர்த்தெடுங்கள்: வாயில் பந்தோ துணியோ இருக்கும்போது 'விடு' என்று சொல்லி, விட்டதும் தீனி கொடுத்துப் பழக்குங்கள். ஓணான் வெயில் காயத் தரைக்கும் கல்லுக்கும் வருவது காலை எட்டிலிருந்து பத்துக்குள். அந்த நேரம் நாயைச் சங்கிலியில் நடத்துங்கள். தோட்டத்து ஓரத்தில் ஒரு பக்கமாவது உயிர்வேலி இருக்கட்டும், சுவரில் ஒரு பழைய பலகையைச் சாய்த்து வையுங்கள், ஏறித் தப்ப வழி கிடைக்கும். நாயின் வாயில் கீறல் இருக்கிறதா பாருங்கள், ஓணானைத் தின்றிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் கழிச்சல் இருந்தால் காட்டுங்கள். நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டதென்றால் ஒரு வேளை கொடுத்துவிடலாம்.

இன்று மருத்துவரிடம் போய் வந்த பிறகு பெட்டியில் விரித்த தாளை எறியாமல் பாருங்கள். கறுப்பான எச்சத்தின் நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கும், அதுதான் ஓணானின் சிறுநீர். நாளை காலைக்குள் அந்த வெள்ளை விழுந்திருந்தால் சிறுநீரகம் வேலை செய்கிறது. விழுந்ததா இல்லையா, கூடவே எடை எத்தனை கிராம், வாயை மூடிவிட்டதா, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.